டாக்சி வாடகை: காலி ரிட்டர்னுக்கு யார் பணம் கொடுப்பது?

எர்ணாகுளத்தில் ஸ்டாண்டில் நிற்கும் டாக்சியில் ஏறி இரண்டே கிலோமீட்டரில் இறங்கினால் வாடகை 200 ரூபாய். ஓட்டுநர் அடாவடி செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் முதல் கேரள அரசு அமலுக்குக் கொண்டுவந்த கட்டணமே அதுதான். அதே இரண்டு கிலோமீட்டரை மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியில் போனால், 2025 பிப்ரவரியில் வந்த கட்டணப்படி, 41 ரூபாயோடு முடிந்துவிடும்.

மும்பை மலிவு, கேரளா கொள்ளை என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “கிலோமீட்டருக்கு எவ்வளவு?” கேரளத்தில் சிறிய காருக்கு 18 ரூபாய், மும்பையில் 20 ரூபாய் 66 காசு. இந்தக் கணக்கில் கேரளாதான் மலிவு. ஆனால் கையைவிட்டுப் போவது ஐந்து மடங்கு.

சூட்சுமம் மினிமத்தில் இருக்கிறது. கேரளத்து 200 ரூபாயில் முதல் 5 கிலோமீட்டர் அடக்கம். மும்பை மினிமமான 31 ரூபாயில் முதல் ஒன்றரை கிலோமீட்டர் அடக்கம். மும்பை டாக்சி உங்களை இறக்கிவிடும் தெருமுனையிலேயே அடுத்த ஆள் கை காட்டிக்கொண்டு நிற்பார். கேரளத்து டாக்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உங்களை விட்டுவிட்டுக் காலியாக ஸ்டாண்டுக்குத் திரும்பி, வரிசையில் கடைசியில் நின்று, தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் திரும்பும் பெட்ரோலும் காத்திருக்கும் நேரமும் 200 ரூபாய்க்குள் உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

“ரிட்டர்ன் காலியா வரணும் சார்” என்ற வசனத்தைக் கேட்காத தமிழ்ப் பயணி இருக்க முடியாது. பாதி நேரம் அது உண்மை, பாதி நேரம் சாக்கு. எது எப்போது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்த ஊர் வாடகையும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

ஒரே பத்து கிலோமீட்டர்

டாக்சி, ஆட்டோ கட்டணத்தை இந்தியா முழுமைக்கும் ஒன்றாக யாரும் நிர்ணயிப்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. ஒரு மாநிலம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கட்டணத்தைத் திருத்தும், இன்னொன்று பத்து வருடம் தொடவே தொடாது. அதனால் எந்த ஊர்க் கட்டணத்தைப் பார்த்தாலும் அது எந்த வருடத்துக் கட்டணம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

பத்து கிலோமீட்டர் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பகல் நேரம், காத்திருப்பு இல்லை. மும்பை கறுப்பு மஞ்சள் டாக்சியில் 207 ரூபாய். டெல்லியில் 2023-இல் திருத்திய கட்டணப்படி முதல் கிலோமீட்டருக்கு 40, பிறகு ஏசி இல்லாமல் 17, ஏசியோடு 20. ஆக, 193 அல்லது 220. கொல்கத்தாவில் 2018-இல் நிர்ணயித்தபடி முதல் 2 கிலோமீட்டருக்கு 30, பிறகு 15, மொத்தம் 150. பெங்களூரில் 2024 முதல் சிறிய கார் டாக்சிக்கு முதல் 4 கிலோமீட்டருக்கு 100, பிறகு 24 என்று 244 ஆகிறது. கேரளத்தில் 290.

ஆட்டோவில் மும்பை 172, பெங்களூர் 180, கேரளா சுமார் 158, டெல்லி 123 ரூபாய் 50 காசு. சென்னை? 123 ரூபாய் 40 காசு! டெல்லியைவிடப் பத்து காசு குறைவு. சிரிக்காதீர்கள், அரசாணை அப்படித்தான் சொல்கிறது.

சென்னை: தூசி படிந்த மீட்டர்

சென்னை ஆட்டோவுக்கு அரசு கடைசியாகக் கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12, இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. அதற்குப் பிறகு பெட்ரோல், கேஸ், இன்சூரன்ஸ், உதிரிபாகம் எல்லாம் எங்கோ போய்விட்டன, மீட்டர் கட்டணம் அங்கேயே நின்றுவிட்டது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அதை ஏற்க முடியாது என்றது அரசு. நடுவில் நிற்கும் பயணிக்கு இரண்டாலும் உபயோகமில்லை.

கட்டணத்தைக் காலத்தோடு திருத்தாத ஊரில் மீட்டர் செத்துப்போகும் என்பதற்குச் சென்னையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2013 கட்டணத்தைக் காட்டி இன்று சண்டை போடுவது நியாயமும் இல்லை, பலிக்கப்போவதும் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸ்டாண்டில் கேட்பதற்கு முன்னால் ஆப்பில் அந்த இடத்துக்கு என்ன விலை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படிப் போகும்:

“அண்ணே, மயிலாப்பூர் குளத்துக்கிட்ட, எவ்ளோ?”

“முந்நூறு குடுங்க சார்.”

“ஆப்ல நூத்தி எழுபது காட்டுதுண்ணே.”

“அதுல வர்றவனப் பிடிச்சு ஏறுங்க சார்… சரி, இருநூத்தி இருபது. மயிலாப்பூர்லேர்ந்து ரிட்டர்ன் காலியா வரணும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை எடைபோடுங்கள். மயிலாப்பூர் குளத்தருகே ராத்திரி எட்டு மணிக்கு எந்த ஆட்டோவும் காலியாகத் திரும்பாது, அது சாக்கு. அதே ஆள் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வரும்போது அதையே சொன்னால், அது உண்மை. முதல் இடத்தில் ஆப் விலைக்கு மேல் இருபது முப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது இடத்தில் கேட்டதைக் கொடுக்கலாம். ஆப் காட்டும் விலையை மட்டும் நம்பி அந்த நேரத்தில் நின்றால், வண்டி புக் ஆகும், போன் வரும், “எங்க சார் டிராப்? கேஷா ஆன்லைனா?” என்று கேட்பார், பிறகு அந்த வண்டி மேப்பில் நகரவே நகராது.

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குபவர்கள் பெட்டிகளோடு வெளியே ஓடி வராமல் ப்ரீபெய்ட் ஆட்டோ கவுன்டரைத் தேடுவது நல்லது. காலை நேரத்து வட இந்திய ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருக்காது.

மும்பை: மீட்டர் உயிரோடிருக்கும் ஊர்

மும்பையில் டாக்சியில் ஏறியதும் ஊர் பேரைச் சொல்ல வேண்டும், வாடகை கேட்கக் கூடாது. கேட்டால் புது ஆள் என்று தெரிந்துவிடும். ஓட்டுநர் மீட்டரைத் தட்டுவார், அவ்வளவுதான் பேச்சு. இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடிருப்பதற்கு மும்பைக்காரர்களின் நேர்மை மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. கட்டணத்தை அவ்வப்போது திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மினிமம் 25-லிருந்து 28 ஆனது, 2025 பிப்ரவரியில் 31 ஆனது. மீட்டர் ஓட்டினால் கட்டுப்படியாகும் என்றால் மீட்டர் ஓட்டுவார்கள்.

கட்டணம் மாறிய புதிதில் மட்டும் ஒரு குழப்பம் வரும். எல்லா வண்டியின் மீட்டரையும் ஒரே நாளில் மாற்றி சீல் வைக்க முடியாது. மாற்றும்வரை மீட்டர் பழைய தொகையைக் காட்டும். ஓட்டுநர் ஒரு கட்டண அட்டையை எடுத்து, பழைய தொகைக்கு நேரே புதிய தொகை என்ன என்று காட்டிக் கேட்பார். அட்டையைக் கையில் வாங்கி, பகல் கட்டணமா இரவுக் கட்டணமா என்று எந்தப் பத்தியில் விரலை வைத்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை கால் பங்கு கூடுதல் என்பதால் அட்டையில் இரண்டு பத்திகள் இருக்கும். பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதையும் ஏமாற்று என்று நினைத்துக் குரலை உயர்த்த வேண்டாம்.

புதிதாகப் போகிறவர்களைத் தடுமாற வைப்பது எல்லைக்கோடு. தென் மும்பைக்குள் ஆட்டோ கிடையாது. மேற்கே பாந்த்ரா, கிழக்கே சயான், அதோடு ஆட்டோ நின்றுவிடும். அந்தேரியிலிருந்து கொலாபாவுக்கு ஆட்டோவில் போகலாம் என்று கணக்குப் போட்டால் பாதி வழியில் பெட்டியோடு இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும், மறுபடியும் ஒரு மினிமம் விழும். தாதர், மாதுங்கா பக்கம் தங்குகிற நம் ஆட்கள் டாக்சியும் ரயிலுமாகத்தான் திட்டமிட வேண்டும்.

நீலமும் வெள்ளியுமாக வரும் ‘கூல் கேப்’ அரசு கட்டணத்திலேயே ஓடும் ஏசி டாக்சி. மினிமம் 48 ரூபாய், ஆனால் மினிமத்துக்குப் பின் ஏறும் வேகம் சாதா டாக்சியைவிட மிக அதிகம். இந்தக் கட்டணத்தில் ஆப் காரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏறுவது வீண் செலவு. சாதா டாக்சியில் சன்னலைத் திறந்துவிட்டால் கடல் காற்று வரும்.

பழைய படங்களில் பார்க்கும் ‘பிரீமியர் பத்மினி’ டாக்சியைத் தேடிப் போகாதீர்கள். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபரைச் சேர்ந்தது. இருபது வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு அவை சாலையைவிட்டுப் போய்விட்டன. இப்போது கறுப்பு மஞ்சள் பூசி ஓடுபவை சின்ன கார்கள், பெரும்பாலும் சிஎன்ஜி. சிஎன்ஜி என்றால் டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பெரிய சூட்கேஸ் உள்ளே போகாது. மேலே கேரியர் இருக்கிறதா பாருங்கள். டெல்லியிலும் இதே கதைதான். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் ஆப்பில் ‘மினி’ போடுவது காசு மிச்சம் மாதிரி தெரியும். வண்டி வந்து நின்ற பிறகு ஒரு பெட்டி மடியில், ஒரு பெட்டி காலடியில் என்று ஆகும், இல்லாவிட்டால் கேன்சல் செய்து இன்னொரு வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

டெல்லி, கொல்கத்தா, பெங்களூர்

டெல்லி ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் காவல்துறை நடத்தும் ப்ரீபெய்ட் கவுன்டர் இருக்கும். போகும் இடத்தைச் சொல்லிப் பணத்தைக் கட்டினால் ஒரு சீட்டு கொடுப்பார்கள். இந்தச் சீட்டில்தான் உங்கள் பிடி இருக்கிறது. ஓட்டுநர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவருக்குப் பணம் கிடைக்கும். அதனால் வண்டியில் ஏறியதுமே “சீட்டு கொடுங்கள்” என்று கை நீட்டுவார்கள். கொடுக்காதீர்கள். வாசலில் இறங்கி, பெட்டியை எடுத்த பிறகு கொடுங்கள். வழியில் “அந்த ஹோட்டல் மூடிட்டாங்க, வேற நல்ல ஹோட்டல் இருக்கு” என்ற கதை ஆரம்பித்தால், சீட்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கும்வரை கவலையில்லை. ப்ரீபெய்ட் வாடகை மீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், அந்தக் கூடுதல் இந்த நிம்மதிக்கு.

கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர் நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது, பதினைந்து வயதான வண்டிகள் ஊருக்குள் ஓட அனுமதியில்லை. ஏறுவதற்கென்றே ஒரு முறை ஏறிவிடுங்கள், ஆனால் வாடகையை முன்னாலேயே பேசிவிடுங்கள். மேற்கு வங்க அரசின் ‘யாத்ரி சாத்தி’ ஆப்பிலும் மஞ்சள் டாக்சி கிடைக்கிறது. அங்கே ஆட்டோ என்பது குறிப்பிட்ட வழித்தடத்தில் நான்கு பேரை ஏற்றி ஓடும் ஷேர் ஆட்டோ. தனியாகச் சவாரி கேட்டால் வினோதமாகப் பார்ப்பார்கள்.

பெங்களூரில் கார் டாக்சிக் கட்டணத்தை வண்டியின் விலையைப் பொறுத்து அரசு பிரித்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு உட்பட்ட கார், பத்திலிருந்து பதினைந்து லட்சம், அதற்கு மேல் என்று மூன்று வகை. முதல் 4 கிலோமீட்டருக்கு 100, 115, 130. அதன்பின் கிலோமீட்டருக்கு 24, 28, 32. நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை பத்து சதவீதம் கூடுதல், சுங்கமும் ஐந்து சதவீத ஜிஎஸ்டியும் நம் தலையில். இது ஆப் வண்டிகளுக்கும் சேர்த்துப் போட்ட ஆணை. காகிதத்தில் தெளிவாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். சில்க் போர்டு சந்திப்பில் மழை பெய்யும்போது ஆப்பைத் திறந்து பார்த்தால் வேறு உலகம் தெரியும்.

ஆட்டோ மினிமம் 2025 ஆகஸ்டு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு 18. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. இந்த ‘ஒன் அண்ட் ஹாஃப்’ என்ற சொல் பெங்களூரில் ஒன்பதரை மணிக்கே காதில் விழ ஆரம்பிக்கும். கடிகாரத்தைக் காட்டலாம், சில சமயம் பலிக்கும். ஓட்டுநர்களுக்குக் கமிஷன் பிடிக்காத ‘நம்ம யாத்ரி’ இந்த ஊரில்தான் 2022-இல் தொடங்கியது. மீட்டருக்கு நெருக்கமான விலைக்கு ஆட்டோ வேண்டுமென்றால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

ஆப்பில் தெரியும் விலை

ஆப் விலையில் ஆறு சங்கதிகள் கலந்திருக்கின்றன: அடிப்படைத் தொகை, தூரம், நேரம், ஆப்புக்கான கட்டணம், வரி, சுங்கம். மீட்டர் டாக்சியோடு பெரிய வித்தியாசம் நேரம்தான். ஆறு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும் ஊரில் தூரக் கணக்கு மட்டும் போட்டால் ஓட்டுநர் பட்டினிதான். இதற்கு மேல் தேவை கூடினால் ஏறும், ஆள் இல்லாவிட்டால் இறங்கும் விலை. மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அடிப்படைக் கட்டணத்தின் பாதியிலிருந்து இரண்டு மடங்குவரை இந்த ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன. 2020 நெறிகளில் உச்சவரம்பு ஒன்றரை மடங்காக இருந்தது. மாநிலங்கள் ஏற்று அறிவித்தால்தான் இது அந்தந்த ஊரில் செல்லும்.

மழை விட்டதும் கால் மணி நேரம் காத்திருந்தால் விலை கணிசமாக இறங்கிவிடும். ஒரு தேநீர்ச் செலவில் எண்பது ரூபாய் மிச்சமாவது சாதாரணம். கூட்டமான ரயில் நிலைய வாசலைவிட இருநூறு மீட்டர் தள்ளி, வண்டி திரும்ப வசதியான பக்கத்தில் நின்று புக் செய்தால் பல நேரம் வண்டியும் சீக்கிரம் வரும். ஒரே நாளில் மூன்று நான்கு இடம் போக வேண்டுமென்றால் ‘4 மணி 40 கிலோமீட்டர்’, ‘8 மணி 80 கிலோமீட்டர்’ என்ற பேக்கேஜை விசாரியுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்களுக்கு அது அளவெடுத்துத் தைத்தது. தியாகராய நகரில் புடவை எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து எடுக்க வேண்டாம். நிறுத்த இடம் கிடைக்காத ஊரில் காத்திருக்கும் காருக்கு மணிக்கணக்கில் காசு கொடுப்பது என்ன கணக்கு?

விமான நிலையங்களில் எல்லா விலையும் ஒரு படி மேலே நிற்கும். பார்க்கிங் கட்டணம் பில்லில் சேரும், வண்டியும் வரிசையில் நெடுநேரம் காத்திருந்துதான் வந்திருக்கும். சென்னையில் ஆப் வண்டி பிடிக்க அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். கையில் ஒரே பை என்றால் மெட்ரோ உள்ளேயே இருக்கிறது, ஜிஎஸ்டி சாலையைக் கடந்தால் திரிசூலம் ஸ்டேஷன். பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வெளியே 35 கிலோமீட்டருக்கு மேல். அங்கே சுங்கமும் சேர்த்து டாக்சி வாடகை சில சமயம் விமான டிக்கெட்டோடு போட்டி போடும். தனி ஆளாக இருந்தால் ‘வாயு வஜ்ரா’ பஸ்ஸில் ஏறுங்கள்.

மலையிலும் கடற்கரையிலும்

சில ஊர்களில் நாம் கொண்டுபோகும் வண்டிக்கும், வெளியூர் ஆப்புக்கும் வேலையில்லை. கோவாவில் ஓலாவோ ஊபரோ கிடையாது. ஸ்டாண்டு சங்கங்கள் வைத்ததுதான் வாடகை. 2018-இல் வந்த ‘கோவாமைல்ஸ்’ ஆப் ஒரு மாற்று, அதையும் ஸ்டாண்டு வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டால் தகராறு வரலாம். பகல்காமில் ஆரு, பேதாப் பள்ளத்தாக்கு, சந்தன்வாரி போக அங்கத்து சங்க வண்டிதான். ஶ்ரீநகரிலிருந்து வந்த உங்கள் காரும் ஓட்டுநரும் ஊரிலேயே காத்திருப்பார்கள், இரண்டுக்கும் காசு. லேயில் டாக்சி சங்கத்துக் கட்டணப் பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இங்கெல்லாம் பேரத்துக்குப் பலனில்லை. செலவைக் குறைக்க ஒரே வழி ஆள் சேர்ப்பதுதான். அறையெடுத்த இடத்தில் இன்னொரு குடும்பத்தைப் பிடித்து வண்டியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. டிராவல்ஸ்காரர் “இ-பாஸ் சார்ஜ்” என்று பில்லில் போட்டால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

வெளியூர் வண்டி: டிராப்பா, ரவுண்டா?

அதிகப் பணம் போவதும் அதிகம் கேள்வி கேட்காமல் போவதும் இங்கேதான். தமிழ்நாட்டில் வெளியூர் டாக்சி இரண்டு விதம். ரவுண்டு டிரிப்பில் வண்டி உங்களோடு இருந்து திரும்பக் கொண்டுவந்து விடும். ஒரு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர் என்று பெரும்பாலானவர்கள் வைத்திருக்கிறார்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காசு. டிராப் டாக்சியில் போய் இறங்குவதோடு சரி. கிலோமீட்டர் ரேட் ஒரு ரூபாய் கூட இருக்கும், 130 கிலோமீட்டர் போல ஒரு மினிமம் இருக்கும். டிராப் டாக்சிக்காரர் உங்களை விட்ட ஊரிலிருந்து வேறொரு சவாரியை ஏற்றித் திரும்பும் நம்பிக்கையில் ஓட்டுகிறார். அதனால்தான் காலி ரிட்டர்ன் உங்கள் தலையில் விழுவதில்லை.

திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சனிக்கிழமை காலை போய் ஞாயிறு மாலை திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ரவுண்டு டிரிப்புக்குக் கிலோமீட்டருக்கு 13, டிராப்புக்கு 14, ஓட்டுநர் பேட்டா 400 என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ரவுண்டில் ஓடுவது 300 சொச்சம், ஆனால் இரண்டு நாள் மினிமம் 500 கிலோமீட்டர். 6,500 ரூபாயும் பேட்டா 800-ம் சேர்த்து 7,300. டிராப்பில் போக 2,100, பேட்டா 400, ஆக 2,500. வரவும் அதேதான், மொத்தம் 5,000. இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் வித்தியாசம், கோவில் தெருவில் சும்மா நிற்கும் வண்டிக்காக.

அதே குடும்பம் வழியில் தஞ்சாவூரில் இரண்டு மணி நேரம், மறுநாள் நாகூர், திருநள்ளாறு, திருவாரூர் என்று சுற்றுவதாக இருந்தால் கணக்கு தலைகீழ். ஓடும் கிலோமீட்டரும் கூடும், வண்டி கூடவே இருக்கும், வயதானவர்கள் காரிலேயே கண்ணயரலாம். அங்கே ரவுண்டுதான் சரி. சென்னையிலிருந்து மதுரை மாதிரி நீண்ட தூரம் போய் நான்கு நாள் தங்குபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டிராப் எடுக்கலாம்.

வண்டி வகையில் பெரிய பண வித்தியாசம் செடானுக்கும் இனோவாவுக்கும்தான். ஐந்து பேர் என்றால் ஆள் கணக்கைவிடப் பெட்டிக் கணக்கு முக்கியம். ஆறு பேருக்கு இரண்டு செடான் எடுப்பதைவிட ஒரு இனோவா மலிவு, பேட்டாவும் ஒன்றுதான்.

போனில் பேசும்போது ரேட்டைக் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். கிலோமீட்டர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கும் என்று கேளுங்கள். ‘ஷெட் டு ஷெட்’ என்றால் அவர்கள் ஷெட்டில் கிளம்பியதிலிருந்து திரும்பி நுழையும்வரை உங்கள் கணக்கு. மாடம்பாக்கத்தில் ஷெட் வைத்திருப்பவர் அண்ணாநகருக்கு வந்து ஏற்றினால், போகவர அறுபது கிலோமீட்டர் நீங்கள் ஏறாமலே ஓடியிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டிராவல்ஸ் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் சின்னப் பயணத்தில் அவரே லாபம். நாள் கணக்கு நள்ளிரவில் மாறுமா, கிளம்பிய நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரமா என்பதையும் கேளுங்கள். நள்ளிரவுக் கணக்கு என்றால், ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் மினிமம் கொடுப்பது. இரவு ஓட்டத்துக்குத் தனிப் பேட்டா, மலை ஏறினால் தனித் தொகை, சுங்கச்சாவடி, பார்க்கிங், வேற்று மாநில பெர்மிட் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகில் போகும் சுங்கத்துக்கு ஓட்டுநரின் போனில் ஒவ்வொரு சாவடிக்கும் மெசேஜ் வந்திருக்கும். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் அந்த மெசேஜ்களைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

கிளம்பும்போது டேஷ்போர்டில் ஓடிய கிலோமீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது இன்னொன்று. டிரிப் ஷீட்டில் ஓட்டுநர் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.